எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்: விசாவுக்கு முன்னால் கிரெடிட் கணக்கு

கேள்வி: மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஆறாவது செமஸ்டரை ஜெர்மனியில் படிக்கக் கல்லூரியிலேயே வாய்ப்பு வந்திருக்கிறது. எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம். ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம் ஐயா. ஏஜென்ட் மட்டும் வேண்டாம். இரு கல்லூரிகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால்தான் எக்ஸ்சேஞ்ச். மாணவியின் பெயரைப் பரிந்துரைத்து அனுப்பும் உரிமை மகள் படிக்கும் கல்லூரிக்கு மட்டுமே உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ஏஜென்ட் செய்ய இதில் வேலையே இல்லை.

நீங்கள் பணத்தைப் பற்றித்தான் யோசிப்பீர்கள். ஆனால் இதில் பெரும்பாலும் சறுக்குவது கிரெடிட்டில், அதாவது படித்து முடித்த பாடத்துக்குக் கல்லூரி கணக்கில் ஏற்றும் புள்ளியில். அங்கே படித்த பாடத்தை இங்கே ஏற்கவில்லை என்றால், ஆறாவது செமஸ்டர் பாடங்கள் அப்படியே பாக்கி நிற்கும். அந்தப் பாடங்கள் அடுத்த ஜனவரியில்தான் மறுபடி நடக்கும். ஆறு மாதப் பயணம் ஒரு வருடத்தை விழுங்கிவிடும்.

அதனால் முதலில் துறைத் தலைவரிடம் போய், அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே எது ஈடு என்று பட்டியல் போட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரி (பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்தும் கல்லூரி) என்றால் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் முடிவு செய்யலாம். தன்னாட்சி இல்லாத கல்லூரிக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். எண்ணிக்கை மட்டும் பொருந்தினால் போதாது, சிலபஸும் பொருந்த வேண்டும். லேப் பாடங்களுக்கு ஈடு கிடைப்பது கடினம். அவற்றை எப்போது முடிப்பது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். அங்கே போனபின் ஒரு பாடம் ஜெர்மன் மொழியில் மட்டும்தான் என்று தெரிந்து மாற்ற நேர்ந்தால், இங்கிருந்து மறுபடி ஒப்புதல் வாங்கியே மாற்ற வேண்டும்.

மதிப்பெண்ணிலும் கவனம் தேவை. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. இதை அறியாதவர் கண்ணுக்கு 1.3 என்பது மோசமான மதிப்பெண்ணாகத் தெரியும். எந்த மதிப்பெண்ணுக்கு எந்த கிரேடு என்ற அட்டவணையையும் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது நாள்காட்டி. ஜெர்மனியின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் (செய்முறைப் படிப்புக்கு முதலிடம் தருபவை) கோடை செமஸ்டர் வகுப்பு மார்ச் நடுவில்தான் தொடங்கும், தேர்வு ஜூலையில். இங்கே ஆறாவது செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். முழு செமஸ்டருக்கும் விடுவிப்புக் கடிதம் இல்லாவிட்டால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். ஜூலைத் தேர்வு முடிந்து வருவதற்குள் ஏழாவது செமஸ்டரும் கேம்பஸ் இன்டர்வியூவும் ஆரம்பித்திருக்கலாம். பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்.

செலவுக்கு வருவோம். டியூஷன் கட்டணம் அங்கே கிடையாது, இங்கேதான் கட்டுவீர்கள். செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகை அங்கே கேட்கலாம். விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் முடக்கக் கணக்கில் (முன்பே மொத்தமாகப் போட்டு, மாதம் இவ்வளவுதான் என்று எடுக்கும் வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 6 லட்சம். இது கட்டணம் இல்லை, மகளின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் அவளுக்கே திரும்பி வரும் பணம். கல்லூரிகளின் ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் இருந்தால் மாதம் 800 யூரோவுக்குக் குறையாமல் உதவித்தொகை கிடைக்கும். இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்காமல் விடுபவர்கள் நிறைய.

விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வருமானம் உண்மையாகவே இருக்கும், காகிதம் இருக்காது. மண்டிப் பணத்தை ரொக்கமாக வைத்திருந்து விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மொத்தமாக பேங்கில் போட்டால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். விற்பனைப் பணத்தை அவ்வப்போது கணக்கில் போடுங்கள், மண்டிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும் அதைக் காட்டி ஐடி ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். தாசில்தாரின் வருமானச் சான்று, சிட்டா எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து வையுங்கள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் வெறும் இனிஷியல் இருக்கும். சேர்க்கைக் கடிதம், காப்பீடு, விமான டிக்கெட் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பெங்களூரு பக்கம்தானே என்று அங்கே விசாவுக்கு அலைய வேண்டாம். தமிழ்நாட்டு முகவரிக்குச் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம்தான். விமானம் வேண்டுமானால் பெங்களூரில் ஏறட்டும். பெட்டியில் நெய், பால்கோவா, இறைச்சி வைக்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோக அனுமதி இல்லை.

திரும்பும் முன், மதிப்பெண் பட்டியல் எப்போது வரும், யாருக்கு அனுப்புவார்கள் என்பதை மகள் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும். தேர்வு முடிந்து சில வாரம் கழித்துத்தான் அது வரும். அது இங்குள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரடியாக வருமாறு, அந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டே அவள் கிளம்ப வேண்டும்.