ஜூலை மாதத்தில் என்ன ஹோம்வொர்க்?

கேள்வி: எனக்கு 43 வயது. பிரான்ஸில் லியோன் நகருக்குப் பக்கத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். சைக்கிள் பந்தயம் என்றால் எனக்கு உயிர். கிறிஸ் ஃப்ரூம் 2013, 2015, 2016, 2017 என்று நான்கு முறை டூர் டி பிரான்ஸ் வென்றதை ஒரு நாள் விடாமல் பார்த்தேன். 2018ல் இத்தாலியில் ஃபினெஸ்ட்ரே மலையில் அவர் தனியாகப் பிரிந்து போனபோது, மகனை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். 2019 விபத்தோடு எல்லாம் போயிற்று. 2021 டூரில் 133வது இடம். வெட்கமாக இல்லையா அவனுக்கு? 2022ல் ஆல்ப் துவேஸ் மலைக்கு மகனோடு போய் நின்றேன். அன்று மூன்றாவதாக வந்தான். பையன் குதித்துக் கத்தினான். “மூணாவதுக்கெல்லாம் எதுக்குடா கத்துறே?” என்று அடக்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஹாலில் மாட்டியிருந்த அவன் படத்தைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு டூர் அணியிலேயே அவனுக்கு இடமில்லை. ஆனாலும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருந்தான். 2025 ஆகஸ்ட்டில் பயிற்சியில் விழுந்து ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று செய்தி வந்தபோது, ‘இனியாவது நிறுத்துவான்’ என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உச்சியில் இருக்கும்போதே விலகியிருந்தால் என் மனதில் தெய்வமாக இருந்திருப்பான். மூன்று வருடமாக ஜூலையில் தனியாகத்தான் டிவி பார்க்கிறேன். பையனும் ஹோம்வொர்க் இருக்கிறது என்று அறைக்குப் போய்விடுகிறான். ஒரு ரசிகனை இப்படி ஏமாற்றலாமா? இந்த வலியிலிருந்து எப்படி வெளியே வருவது?

பெயர் வேண்டாம், பிரான்ஸ்

பதில்:

தம்பி, ஜூலை மாதத்தில் என்ன ஹோம்வொர்க்?

பிரான்ஸில் ஜூலை முதல் வாரத்தோடு பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் செப்டம்பரில்தான் திறப்பார்கள். டூரின் முதல் சில நாளைத் தள்ளிவிட்டால் மீதி நாள் முழுக்க விடுமுறைதான். விடுமுறைக்கென்று பயிற்சிப் புத்தகங்கள் அங்கே கடைகளில் விற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கடைசி ஏற்றம் வருகிற நேரம் பார்த்து, யாரும் சொல்லாமலே அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதுவும் மூன்று வருடமாக. உங்கள் மகன் உங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது பொய் என்பதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. ஃப்ரூம் எந்த வருடம் எத்தனாவது இடம் என்பது மட்டும் விரல் நுனியில் இருக்கிறது.

ஆறுதல் எதிர்பார்த்துத்தான் எழுதியிருப்பீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருடத்துக்குப் பத்தாவது வரும். கிரிக்கெட்காரர் பெயரில் வரும், நடிகர் பெயரில் வரும். ‘அவர் மேலே இருக்கும்போதே போயிருக்கலாம், என் மனசு உடைந்துவிட்டது’ என்று இருக்கும். முன்பெல்லாம் நானும் இதமாக நாலு வார்த்தை எழுதுவேன். இப்போது எழுதுவதில்லை. அந்த உடைந்த மனசைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிற ஆளோடு யார் யார் குடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2018 வரை ஃப்ரூம் உங்களுக்கு ‘அவர்’. ‘அவர் தனியாகப் பிரிந்து போனபோது’ என்று எழுதுகிறீர்கள். 133வது இடம் வந்த அடுத்த வரியிலேயே ‘அவன்’ ஆகிவிட்டார். அதற்குப் பிறகு கடைசி வரை அவன்தான். நீங்கள் யோசித்து மாற்றியிருக்க மாட்டீர்கள், கை தானாக எழுதியிருக்கும். காகிதத்திலேயே இப்படி என்றால் டிவி முன்னால் எப்படிப் பேசுவீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் சோபாவில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். ஜெயிக்கும்வரை அவர், தோற்றால் அவன். நீங்கள் பாடம் எடுக்கவில்லை, ஆனால் அவன் படித்துக்கொண்டான்.

சரி, நீங்கள் வெட்கப்படச் சொல்கிற அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று ஒரு தடவை நிதானமாகப் பார்ப்போம். 2019 ஜூன் 12. ரோவான். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். டோஃபினே பந்தயத்தின் நான்காம் நாள், ஒவ்வொருவராகத் தனித்து ஓட்டி நேரம் பார்க்கிற போட்டி. அதற்கு முன்னால் பாதையைப் பார்த்துவரப் போயிருந்தார். மூக்கைச் சிந்துவதற்காக ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று முன் சக்கரத்தில் அடித்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வேகம், நேராகப் போய்ச் சுவரில் மோதினார். வலது தொடையெலும்பு, முழங்கை, விலா எலும்புகள் எல்லாம் முறிந்தன. சாந்த் எத்தியென் மருத்துவமனையில் மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை நடந்தது, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். வயது 34. ஆங்கெத்தில், மெர்க்ஸ், இனோ, இந்துராயின் ஆகிய நான்கு பேர்தான் டூரை ஐந்து முறை வென்றவர்கள். அவர்களோடு சேர இவருக்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது.

தொடையெலும்பு முறிந்ததும் இரண்டு காலுக்கும் பலத்தில் வித்தியாசம் விழுந்துவிட்டது. அதைச் சமப்படுத்தவே மாதக்கணக்கில் உழைத்தார். சைக்கிளில் கொஞ்சம் குறைந்தாலே போதும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னால் போகிற கூட்டத்தை ஒரு தடவை நழுவவிட்டால் காற்றுக்கு மறைப்பு கிடைக்காது, தனியாக மிதிக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் சாயங்காலத்துக்குள் அரை மணி நேரமாகிவிடும். இதெல்லாம் தெரிந்த ஆள் நீங்கள். தெரிந்திருந்தும்தான் வெட்கமில்லையா என்று கேட்கிறீர்கள்.

இப்போது 2022 ஜூலை 14க்கு வாருங்கள். காலிபியே ஏறி இறங்கி, குரோவா டி ஃபேர் ஏறி இறங்கி, அதற்குப் பிறகு ஆல்ப் துவேஸின் இருபத்தொரு வளைவுகள். முதலாவதாக வந்த டாம் பிட்காக்குக்கு வயது 22. இரண்டாவது லூயி மெயின்ட்யஸ். மூன்றாவதாக ஃப்ரூம், 37 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவர். அன்று அந்த மலையில் நின்றிருந்தவர்களில் நடந்தது என்னவென்று சரியாகப் பார்த்தவன் உங்கள் மகன். எலும்பு நொறுங்கிப் போன ஒருவர் தன் கண் முன்னால் மலை ஏறி வருகிறார் என்று அவனுக்குப் புரிந்தது. குதித்தான், கத்தினான். இருபது வருடமாகப் பந்தயம் பார்க்கிற அப்பா அவனை அடக்கினீர்கள். வீட்டுக்கு வந்து படத்தையும் கழற்றினீர்கள். அடுத்த ஜூலையிலிருந்து அவனுக்கு ஹோம்வொர்க் வந்துவிட்டது. தேதிகளை நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், நான் வரிசையாக அடுக்கினேன், அவ்வளவுதான்.

சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டினான் என்கிறீர்கள். கொடுத்த சம்பளத்துக்கு ஏற்ற பலன் இல்லை என்று அணியின் உரிமையாளரே வெளிப்படையாகக் குறைப்பட்டார். அவர் பேசலாம், பணம் கொடுத்தவர். நீங்கள் எந்தக் கணக்கில் பேசுகிறீர்கள்? நிறுத்துவதா வேண்டாமா என்பது அவரும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம். அதில் லியோனில் இருக்கிற உங்களுக்கும் இடமில்லை, இங்கே உட்கார்ந்திருக்கிற எனக்கும் இடமில்லை.

அந்த நிம்மதியைப் பற்றி எழுதாமல் போக என்னால் முடியாது. நுரையீரல் சுருங்கி, விலா எலும்புகள் உடைந்து, முதுகெலும்பில் முறிவோடு ஒருவரை ஹெலிகாப்டரில் ஏற்றுகிறார்கள். உங்கள் மனதில் இருக்கும் படம் இனி கெடாது என்று உங்களுக்கு நிம்மதி. தம்பி, இது தப்பு. கொஞ்சம் தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன். இந்த வரியை மனைவியிடம் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். உங்களால் முடிகிறதா என்று பாருங்கள்.

சாலை ஓரத்தில் நிற்கிறவர்களுக்கு இந்த உரிமை எண்ணம் வருவது புதிதல்ல. மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் போடுகிற மஞ்சள் ஜெர்சியில் ஃப்ரூம் இருந்த 2015லேயே ஒருவர் அவர் மேல் சிறுநீரை வீசினார். 1975ல் எடி மெர்க்ஸுக்கு புய் டி டோம் ஏற்றத்தில், எல்லைக்கோடு நெருங்கிய இடத்தில், வயிற்றில் குத்து விழுந்தது. இரண்டு நாள் கழித்து பிரா லூப் போகும் வழியில் பெர்னார் தெவெனே அவரைத் தாண்டிப் போனார். மஞ்சள் ஜெர்சி போயிற்று, அதற்குப் பிறகு மெர்க்ஸ் அதைப் போடவே இல்லை. அதோடும் விடவில்லை. இன்னொரு நாள் விழுந்து கன்ன எலும்பு உடைந்தது. டாக்டர் நிறுத்தச் சொன்னார். தான் விலகினால் அணிக்காரர்களுக்குப் போக வேண்டிய பரிசுப் பணம் போய்விடும் என்று, வாயைத் திறந்து மென்று சாப்பிட முடியாத நிலையில் பாரிஸ் வரை ஓட்டி இரண்டாவதாக வந்தார். அவர் ஐந்து முறை வென்றதைவிட எனக்கு அந்த இரண்டாவது இடம் பெரியது. தன்னை நம்பி ஒரு கூட்டம் பிழைக்கிறது என்று தெரிந்த மனிதர் அப்படித்தான் நடந்துகொள்வார். உங்கள் கணக்குப்படி அவர் 1974ல் ஐந்தாவது டூரோடு போயிருக்க வேண்டும். போயிருந்தால் 1976ல் மிலான் சான்ரெமோ என்கிற இத்தாலிய ஒருநாள் பந்தயத்தை ஏழாவது முறை வென்றிருக்க முடியாது.

மெர்க்ஸ் கதை போதும். உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

சில வருடத்துக்கு முன்னால் ஓர் அம்மா எனக்கு எழுதியிருந்தார். அரிசி டிரம்மில் படி போட்டு அள்ளும்போது கையில் ஏதோ தட்டியிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்த மகனின் ராங்க் கார்டு. அந்த வீட்டு அப்பா பிள்ளையை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும், அவுட் ஆகிறவர்களை வாய்க்கு வந்தபடி பேசுவார். பையன் அதைக் கேட்டுத் தன் மார்க்கை அரிசிக்குள் புதைத்தான்.

தோற்றவரைத் திட்டுகிற அப்பாவிடம் பிள்ளை தன் தோல்வியைக் கொண்டுவராது. இதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. உங்கள் மகன் கடைசியாக எப்போது ‘அப்பா, இதில் எனக்கு மார்க் குறைஞ்சுபோச்சு’ என்று உங்களிடம் வந்து சொன்னான்? யோசித்துப் பாருங்கள். 2018ல் மடியில் உட்கார்ந்தவன் என்றால் இப்போது பன்னிரண்டு, பதிமூன்று இருக்கும். இனிமேல்தான் அவனுக்குத் தோல்விகள் வரிசையாக வரப்போகின்றன. அந்த நேரத்தில் அவன் தட்டுகிற முதல் கதவு உங்களுடையதாக இருக்க வேண்டும். அப்பாவாக இருப்பதில் மற்றதெல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான், சம்பாதித்துக் கொண்டுவந்து போடுவது உட்பட. இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு 43. படி ஏறினால் மூச்சு வாங்குகிற நாள் உங்களுக்கும் வரும். வயதான ஆளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அன்றைக்கு அவன் உங்களிடம் கற்றபடிதான் பேசுவான்.

அடுத்த ஜூலை வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் படத்தைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். வெறும் ஆணியை அவன் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு அவன் அறைக் கதவைத் தட்டிப் போய் உட்காருங்கள். ஏன் பொய் சொன்னாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “அன்னைக்கு மலையில நீ கத்துனது சரிடா. அப்பாதான் தப்பு” என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். பெற்றவன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. கேட்டதால் மரியாதை போன ஓர் அப்பாவையும் எனக்குத் தெரியாது. கேட்காமல் வயதான அப்பாக்களை நிறையவே தெரியும்.

அன்றைக்கே அவன் பேசிவிடுவான் என்று நினைக்காதீர்கள். தோளைக் குலுக்கிவிட்டு போனைப் பார்ப்பான். மறுநாளும் போங்கள். நீங்கள் தோற்ற கதை ஒன்று சொல்லுங்கள். இருபது வருடம் வெளிநாட்டில் பிழைத்த ஆளுக்கு அப்படி ஒன்றாவது இல்லாமல் இருக்காது. அவன் இளகினால், அந்த ஆல்ப் துவேஸ் ஏற்றத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். யார் எங்கே இருந்தார்கள், ஃப்ரூம் எப்போது கண்ணில் பட்டார் என்று அவன் சொல்லட்டும். நீங்கள் வாய் திறக்காமல் கேளுங்கள்.

அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்கள். ஃப்ரூமைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். நான்கு டூர், இரண்டு மலை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மகன் பெயர் எங்கேயும் இல்லை. அதை எழுதி அனுப்புங்கள்.