கேள்வி – பதில்: முகட்டை அடையாளம் தெரிந்தவர்கள்

எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. தேயிலைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளியை நாலு பேர் அடிக்கிறார்கள். நம்ம ஊர்தான் என்கிறார்கள் சிலர், அசாம் என்கிறார்கள் சிலர், பழைய வீடியோ என்பவர்களும் உண்டு. எப்படிச் சரிபார்ப்பது? இதற்கு முறையான பயிற்சி இருக்கிறதா?
– ஒரு வழக்கறிஞர், கோத்தகிரி

பயிற்சி இருக்கிறது. அதற்கு முன்னால், இன்றைக்கே அந்த வீடியோவைப் பத்திரப்படுத்துங்கள். 2017-ல் சிரியப் போர் வீடியோக்களை யூடியூப் பெருமளவில் நீக்கியபோது, சாட்சியமாக வேண்டியவை பலவும் அதோடு போயின. வாட்ஸ்அப்பில் கை மாறி வந்த வீடியோவில் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் தங்காது. அதனால் உங்களுக்கு அனுப்பியவர், அவருக்கு அனுப்பியவர் என்று பின்னோக்கிப் போய், எடுத்தவரே கிடைத்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். வாங்கிய கையோடு கோப்புக்குக் கைரேகை மாதிரியான எண்ணான ஷா-256 ஹாஷ் எடுத்து, தேதி நேரத்தோடு குறித்து வையுங்கள். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ம் பிரிவில், மின்னணு ஆவணங்களுக்குத் தரும் சான்றிதழிலேயே ஹாஷ் கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் இடம். 2018-ல் கேமரூனில் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் ராணுவத்தினர் சுட்டுக்கொல்லும் வீடியோ வெளியானது. அரசாங்கம் முதலில் பொய்யென்று தள்ளியது. பிபிசி குழு வீடியோவின் பின்னால் தெரிந்த மலை முகட்டின் வளைவுகளைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி இடத்தைக் கண்டுபிடித்தது. நிழல்களை வைத்து 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில் நடந்தது என்றும் சொன்னது. கடைசியில் 2020-ல் நாலு சிப்பாய்களுக்குப் பத்து வருஷச் சிறை கிடைத்தது. இதில் என்னை இன்றைக்கும் விடாமல் பிடித்திருப்பது, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று முதலில் துப்புக் கொடுத்தவர் ஒரு கேமரூன்காரர் என்பதுதான்.

அந்த உள்ளூர் அறிவு உங்களிடம் நிறையவே இருக்கிறது. ரங்கசாமி முகட்டைக் கொடநாட்டிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அங்கே கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குத் தெரியும். வெளிநாட்டு நிபுணர் அதற்கு ஒரு நாள் முழுக்க வரைபடத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: வண்டி நம்பர் நம்ம நீலகிரியின் டிஎன் 43-ஆ, பேச்சில் எந்த ஊர் வாடை, செடிக்கு நடுவே சில்வர் ஓக் மரம் நிற்கிறதா, சரிவா சமவெளியா. அசாம் தோட்டங்கள் பெரும்பாலும் சமவெளியில்தான்.

நிழலையும் விடாதீர்கள். நீலகிரியில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளை நிழல் தெற்கே சாயும், மற்ற மாதங்களில் வடக்கே. நமக்கு உச்சிவேளை 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 12.20-க்கு. மதியம் எடுத்தது என்று தெரிகிற வீடியோவில் நிழல் தெற்கே கிடந்தால், 'இது பொங்கல் சமயம்' என்பவர் சொல்வது பொய்.

இனி பயிற்சி. ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி மனித உரிமை மையமும் சேர்ந்து 2020 டிசம்பரில் 'பெர்க்லி நெறிமுறை'யை வெளியிட்டன. இணையத்தில் கிடைக்கும் படம், வீடியோவைத் திரட்டிச் சரிபார்ப்பது எப்படி என்று சொல்லும், வக்கீல், போலீஸ், பத்திரிகையாளர் எல்லாருக்கும் பொதுவான கையேடு, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இப்படி இணையத்தில் துப்பறியும் பெல்லிங்கேட் என்ற குழு வழிகாட்டிக் கட்டுரைகளும் பயிலரங்குகளும் தருகிறது. ஆனால் பாடம் படித்தால் மட்டும் கை வராது. நாலு வக்கீல்கள் சேர்ந்து வாரம் ஒரு வீடியோ எடுங்கள். ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் உடைக்கப் பார்க்கட்டும். உடையாமல் நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடித்தவர்களின் முகத்தை வட்டம் போட்டு முகநூலில் போடலாமா?
– கல்லூரி மாணவர், ஊட்டி

வேண்டாம் தம்பி. முகச்சாயலை மட்டும் நம்பி ஆளைத் தப்பாகச் சொன்னால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். சரியாகவே சொன்னாலும், அடிபட்டவர் அதே தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில்தானே இருக்கிறார், வீடியோ எடுத்தவரும் பக்கத்திலேயே இருப்பார். அவர்கள் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியே விடாதீர்கள். சேர்த்ததை ஒரு வக்கீலிடம் கொடுங்கள்.

தொண்டு நிறுவனத்தில் இந்த மாதிரி வீடியோக்களைச் சரிபார்க்கும் வேலை. மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, கொடைக்கானல்

சொன்னது நல்லது அம்மா. இது பலவீனம் இல்லை. அடுத்தவர் வலியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்கு வருகிற காயம் இது. பெர்க்லி நெறிமுறையே இதைப் பற்றித் தனியாகப் பேசுகிறது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அலறல்தான் அதிகம் உள்ளே இறங்கும். திரையைச் சின்னதாக்குங்கள். முகட்டைத் தேடுகிறீர்கள் என்றால் உடலிருக்கும் பகுதியை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளலாம். இரவில் வேண்டவே வேண்டாம், படுக்கிற அறையிலும் வேண்டாம். நிறுவனத்திடம் இந்த வேலையை முறை மாற்றிப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மூன்று மாதம் தூக்கம் இல்லை என்பதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான '14416' டெலிமானஸில் இன்று இரவேகூடப் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.