கடலோரத்தில் செங்கல் டோம்: முதலில் இடுப்பைக் கட்டுங்கள்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் தோட்டத்தில் 12 அடி விட்டத்தில் ஒரு வட்ட அறை கட்டுகிறோம். ஆரோவில்லில் பார்த்ததுபோல் செங்கல் டோம் போட ஆசை. கம்பி இல்லாத கூரை புயலுக்கு நிற்காது என்கிறார் கொத்தனார். அண்டார்டிகாவில் பனியே டோமாக நிற்கும்போது செங்கல் நிற்காதா என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?

பதில்: தாராளமாகப் போடலாம். முதலில் மகளின் கேள்வி. அண்டார்டிகாவின் ‘டோம் ஏ’ என்ற பனிமேடு கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேல். ஆனால் அது உள்ளே வெற்றிடம் இல்லாத, கெட்டியான பனிக்குவியல். தோசைக்கல்லில் ஊற்றிய மாவுபோல, தன் எடையாலேயே மெல்ல மெல்ல விளிம்பை நோக்கி வழிந்துகொண்டிருக்கிறது. மேலே பனி விழுந்துகொண்டே இருப்பதால்தான் உருவம் கலையவில்லை. உங்கள் செங்கல் டோமுக்கும் அதே குணம் உண்டு: அடியில் வெளிப்பக்கமாகத் தள்ளும். பனியைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. உங்கள் டோமைப் பிடிக்க ரிங் பீம் வேண்டும், அதாவது சுவரின் மேல் டோமின் அடியைச் சுற்றி வரும், கம்பி வைத்த கான்கிரீட் வளையம்.

கொத்தனாரின் பயம் இங்கேதான் பாதி நியாயம். கம்பி வேண்டாதது செங்கல் கூட்டுக்கு. இடுப்பான ரிங் பீமுக்குக் கட்டாயம் வேண்டும். ரோமில் புனித பேதுரு ஆலயத்தின் டோம் விரிசல் விட்டபோது, 1740-களில் சுற்றிலும் இரும்பு வளையங்கள் போட்டுத்தான் இறுக்கினார்கள்.

அரைக்கோளம் வேண்டாம். அதில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகைக்குக் கீழே உள்ள வளையங்கள் இழுபடும். செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உயரம் 3 அடி போதும். நாலரை அங்குலக் கனத்தில், பூச்சோடு சேர்த்து டோம் மூன்றேகால் டன் வரும். ரிங் பீமில் விழும் இழுப்பு சுமார் 400 கிலோதான். நான்கு 10 மி.மீ. கம்பிக்கு அது ஒன்றுமே இல்லை.

புயல்? 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 140 கி.மீ. அளவில் வீசியது. அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 90 கிலோ சொச்சம். டோமின் எடை அதே பரப்புக்கு 250 கிலோ. கதவு திறந்து காற்று உள்ளே புகுந்து தூக்கினாலும் கையிருப்பு மிச்சம் இருக்கிறது. ஷீட் கூரைகள் பறந்ததற்குக் காரணம் அவற்றுக்கு எடையே இல்லாததுதான்.

நான் அஞ்சுவது உப்புக்கு. புதுச்சேரியில் பார்க்கப்போன ஒரு டோமில் கூட்டில் ஒரு கீறல் இல்லை. ரிங் பீமின் கடல் பக்கத்துப் பூச்சு மட்டும் உப்பியிருந்தது. விரலால் தட்டியதும் துருவோடு பொலபொலவென்று கொட்டியது. கம்பிக்கு மேல் கான்கிரீட் முக்கால் அங்குலம்கூட இல்லை. உங்கள் பீமில் இரண்டங்குலம் இருக்கட்டும். கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி காக்கும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கான்கிரீட் கொட்ட விடாதீர்கள். கடல் மணலும் உவர்த் தண்ணீரும் கூடவே கூடாது. இரண்டு கம்பி சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று இரண்டடி நீளத்துக்குப் படியட்டும். நான்கு சேர்க்கையும் ஒரே இடத்தில் வரக் கூடாது.

கட்டும்போது, ரிங் பீமின் மேல்மட்டத்திலிருந்து நாலரை அடி கீழே, அறையின் நட்டநடுவில் ஆணி. அதில் ஏழரை அடி நூல். ஒவ்வொரு செங்கல்லின் உள்முனையும் நூல் தொட வேண்டும். ஒரு வளையம் மூடும்வரை செங்கல் வழுக்கப் பார்க்கும். கடைசிக் கல் இறங்கியதும் அந்தச் சுற்று தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும்.  கோவை ஈஷாவின் தியானலிங்க டோம் 22 மீட்டர் விட்டத்துக்கும் மேல், கம்பியும் சிமென்ட்டும் இல்லாமல் செங்கல்லில் நிற்கிறது. கொத்தனாரை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஆனால் டோம் கட்டிப் பழக்கமில்லாதவர் என்றால் சென்ட்ரிங் (அடியில் தாங்கும் தற்காலிக அச்சு) போட்டே கட்டட்டும். வரைபடத்தைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

மேலே சுண்ணாம்பு-சுர்க்கி (செங்கல் பொடி) பூச்சு, அதன்மேல் உடைந்த வெள்ளை ஓட்டுச் சில்லு. ரிங் பீமோடு டோம் சேரும் மூலையில்தான் ஐப்பசி மழை தேங்கும். அங்கே வாட்டம் கொடுத்து வெளியே வழியவிடுங்கள்.