கத்தரிக்காய் படிக்க ஒரு காலேஜா?

அக்கா, போன சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்துபோன பிறகு நிதானமாக யோசித்து இதை எழுதுகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் சில விஷயங்களை நேரில் சொல்லவில்லை.

"நீட் மார்க்குக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காது, சித்தாவாவது கிடைக்கும்னு பார்த்தா இவ தோட்டக்கலைன்னு நிக்கிறா. கத்தரிக்காய் படிக்க ஒரு காலேஜா?" என்று கேட்டீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் அவளுடைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பழைய கணக்கு நோட்டு. ஒரு பக்கத்தில் கண்டங்கத்தரியை அழுத்தி ஒட்டியிருந்தாள். முள் இரண்டு தாளைத் துளைத்து என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. கீழே பென்சிலில் எழுதியிருந்தாள்: "வலிநோக்கம் ரோடு, உப்பளத்துக்கு இந்தப் பக்கம். மண்ணு வெள்ளையா பூத்திருக்கு. பக்கத்துல வேற செடி இல்ல." தேதியும் போட்டிருந்தாள்.

டெல்லியில் தேசிய தாவர மரபணு வள மையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே விதைகளை உறைகுளிரில் பாதுகாக்கிறார்கள். ஒவ்வொரு விதையோடும் அது எங்கே எடுக்கப்பட்டது, எப்போது, எப்படிப்பட்ட இடத்தில் என்ற விவரமும் போக வேண்டும். அதற்கு 'பாஸ்போர்ட் விவரம்' என்று பெயர். அது இல்லாத விதைக்கு மதிப்புக் குறைவு. உங்கள் மகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதை எழுதியிருக்கிறாள்.

சித்தாவா தோட்டக்கலையா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டிலும் இதே செடிகள்தான் வரும். தூதுவளை, கண்டங்கத்தரி, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் கத்தரிக் குடும்பம். உங்கள் ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் அதே குடும்பம்தான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். சளிக்கும் இருமலுக்கும் சித்தாவில் கண்டங்கத்தரி லேகியம், தூதுவளை நெய் என்று இன்றைக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் சித்தா படிப்பவள் நோயாளியோடு உட்கார வேண்டும். நாடி பார்க்க வேண்டும், பகலெல்லாம் மனிதர்களோடு பேச வேண்டும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷம். பாளையங்கோட்டை அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் நல்ல படிப்புதான், குறை சொல்லவில்லை.

ஆனால் அவள் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "தோட்டத்துல கத்தரி கருகுது, வேலியோரம் முள்ளி மட்டும் எப்படி சார் பச்சையா நிக்குது?" அந்தச் செடி யாரைக் குணப்படுத்தும் என்று அவள் கேட்கவில்லை, அக்கா. செடி எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டாள். அது பயிர் இனப்பெருக்கம், அதாவது புதுப் பயிர் ரகங்களை உருவாக்கும் துறை, படிக்கிறவர்களின் கேள்வி.

அதற்கு வேலையும் நிறைய இருக்கிறது. கத்தரிக்கு வாடல் நோய், வேரைத் தாக்கும் நூற்புழு, காய்த் துளைப்பான் என்று எதிரிகள் அதிகம். காட்டுச் சொந்தங்கள் சிலவற்றுக்கு இவற்றைத் தாங்கும் சக்தி உண்டு. சுண்டையின் வேர் வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்கும். சுண்டையைக் கத்தரியோடு கலப்பினம் செய்தால் சரியாக விதை பிடிக்காது. அதனால் சுண்டை நாற்றின் மேல் கத்தரி நாற்றை ஒட்டுக்கட்டுகிறார்கள். கீழே சுண்டை, மேலே கத்தரி. சுண்டை மெதுவாக வளரும், அதனால் அதை முன்னாடியே விதைத்துவிட வேண்டும். ஒட்டுக் கத்தரி நாற்று இப்போது விலைக்கே கிடைக்கிறது.

கத்தரிக்கு நேர் மூதாதை என்று சொல்லப்படும் காட்டுக் கத்தரி வேறு மாதிரி. அது எளிதாகக் கலப்பினமாகும். ஸ்பெயினின் வலென்சியாவில் அதை வைத்து உப்பையும் வறட்சியையும் தாங்கும் தன்மையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் பிறந்த பிள்ளை அதே வேலையை இங்கே செய்தால் என்ன?

ஆனால் காட்டுச் செடியிலிருந்து நல்ல குணம் மட்டும் தனியாக வராது. முள்ளும் கசப்பும் சிறுத்த காயும் கூடவே வரும். அவற்றைக் கழிக்கத் திரும்பத் திரும்பக் கத்தரியோடு கலப்பினம் செய்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு ரகம் வர எட்டுப் பத்து வருஷம்கூட ஆகலாம். படிப்பும் நீளம்: இளநிலை நான்கு வருஷம், முதுநிலை இரண்டு, அப்புறம் பி.எச்.டி. அதுவரை பொறுக்க முடியாவிட்டால் இளநிலையோடு தோட்டக்கலை அலுவலர் தேர்வு, வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம். விதை கம்பெனியில் சேரலாம். வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டிலும் விண்ணப்பியுங்கள். அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். பள்ளியில் படிப்புச் சான்றிதழ்களை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனை, கட்டிடம் பளபளவென்று இருக்கிறதே என்று நம்பி ஒரு தனியார் கல்லூரியில் சேரச் சொல்லிவிட்டேன். அதற்கு ஐ.சி.ஏ.ஆர். என்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இல்லை. மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் போகும்போதுதான் தெரிந்தது. அவன் அம்மா முகத்தை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் அந்த ஒன்றைச் சரிபார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

ராமநாதபுரத்திலேயே பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரு நாள் அவளை அழைத்துப் போய் அனுமதி கேட்டுச் சுற்றிக்காட்டுங்கள். வெயிலில் நாள் முழுக்க நின்று செடி எண்ணுகிற வேலை எப்படி இருக்கும் என்று அவளே பார்க்கட்டும். பார்த்த பிறகு பிடிக்கவில்லை என்றால் சித்தாவைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வாருங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம். நோட்டை அவள் மறக்காமல் எடுத்து வரட்டும். பையில் போட்டால் குத்தும், ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்து வரச் சொல்லுங்கள்.