கேட்கும்படி எழுதுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். இந்த ஆண்டு என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் சேர்ந்திருக்கிறார். பாடக் குறிப்புகளை பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறேன். அவர் கைப்பேசியில் நன்றாகவே செய்திகளைப் படிக்கிறார். ஆனால் என் குறிப்புகளை மட்டும் “படிக்க முடியவில்லை, மேடம்” என்கிறார். என்ன காரணம்?
– ஆசிரியை, கும்பகோணம்.

பதில்: பெரும்பாலும் பிழை கோப்பில்தான் இருக்கும். கைப்பேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ போன்ற, திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களின் துணையோடு பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். (என்விடிஏ, மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் உருவாக்கத் தொடங்கிய இலவச மென்பொருள்.) இவை எழுத்தாகப் பதிவாகியிருப்பதைத்தான் சரிவரப் படிக்கும். கையெழுத்துக் குறிப்பைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கினால், நமக்கு அது பாடம். திரைவாசிப்பானுக்கு வெறும் படம்.

தட்டச்சு செய்த குறிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் நான் தயாரித்த குறிப்பு ஒன்றை அண்மையில் திரைவாசிப்பானில் ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கணினிக்குத் தெரிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். இத்தனை ஆண்டுகளில் எத்தனை மாணவர்களிடம் இப்படிப்பட்ட தாள்களைக் கொடுத்திருப்பேன் என்று நினைத்து அன்று உண்மையிலேயே வருந்தினேன்.

உங்கள் கோப்பைச் சோதிக்க, அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். எதையுமே தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் அது படம். ஆங்கில எழுத்துகளாக உதிர்ந்தால் பழைய எழுத்துரு. படமாக இருப்பதை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் அச்சுத் தமிழ் ஓரளவு எழுத்தாக மாறிவிடும். ஆனால் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்தாமல் அனுப்பாதீர்கள். இனி எழுதுவதை ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதி, வேர்டு கோப்பாகவே கொடுத்துவிடுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது தமிழில் கொம்புகள் இடம் மாறிச் சொற்கள் சிதைவதுண்டு. தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி நிறுத்திவிடாமல், வேர்டில் உள்ள தலைப்பு வடிவத்தை (ஹெட்டிங்)த் தேர்ந்தெடுத்து இட்டால், அந்த மாணவி ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருக்காமல், நாம் பக்கம் புரட்டுவதுபோலத் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்ல முடியும்.

கோப்பைவிட முக்கியமானது உங்கள் பேச்சு. வரைபடத்தின்முன் நின்று “தலைநகர் இங்கிருந்து இங்கே மாறியது” என்றால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. “தஞ்சாவூரிலிருந்து வடகிழக்கே, கொள்ளிடத்தைக் கடந்து, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாறியது” என்று சொல்லுங்கள். வகுப்பில் மற்றவர்களுக்கும் அது நன்றாகப் பதியும்.

கேள்வி: அச்சான பாடநூலை என் பார்வையற்ற மாணவருக்காக வருடி (ஸ்கேன் செய்து) எழுத்துக் கோப்பாக மாற்றிக் கொடுத்தால் பதிப்புரிமை மீறல் ஆகுமா?
– ஆசிரியர், தூத்துக்குடி.

பதில்: ஆகாது. படிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்காக, இலாப நோக்கமின்றி, அவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றித்தர 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. இதே நோக்கத்துக்காக 2013இல் உருவான மாரகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். கோப்பு அந்த மாணவருக்கு மட்டுமே போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், காது கேளாதவன். வீட்டுப்பாடத்தை ஆசிரியர்கள் குரல் செய்தியாக அனுப்புகிறார்கள். இணைய வகுப்பிலும் அவன் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பள்ளியிடம் எதைக் கேட்பது?
– ஒரு தாய், விழுப்புரம்.

பதில்: அம்மா, தயங்காமல் கேளுங்கள், இது சலுகை கோருவது ஆகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு, மாணவரின் தேவைக்கேற்ற வசதியையும், காது கேளாதோருக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வியையும் உறுதிசெய்யச் சொல்கிறது. குரல் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் அதே செய்தி இரண்டு வரி எழுத்தாகவும் வரவேண்டும் என்பதை முதலில் கேளுங்கள். பாடக் குறிப்பு முந்தைய நாளே அவன் கைக்கு வந்துவிட்டால், வகுப்பில் பாதிச் சுமை குறையும். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவன் என்றால், ஆசிரியர் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது, முகம் இருண்டுவிடும். சைகைமொழி அறிந்தவன் என்றால், மொழிபெயர்ப்பாளரின் காட்சி திரையில் நிலையாக நிற்கும்படி அமைத்துத்தரச் சொல்லுங்கள். தானாக ஓடும் வசன வரிகளை மட்டும் நம்பவேண்டாம். பாடத்தின் கலைச்சொற்களில்தான் அவை அதிகம் தவறுகின்றன. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.