கரை தெரிந்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தனியாளாக உலகைச் சுற்றும் 1968-69 பாய்மரப் படகுப் போட்டியில், பரிசு ஏறக்குறைய கைக்கு வந்துவிட்ட நேரத்தில் பெர்னார்ட் முவாத்தெசியே ஊருக்கு வராமல் படகைத் திருப்பிக்கொண்டு போனதை ஒரு விடுதலையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக இருந்தவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போவார். அவர் வரும் நாள் தள்ளிப்போனால் ஆச்சி கடற்கரைக்கும் மாதா கோவிலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாராம். காத்திருக்கிறவர்களை நினைக்காமல் வீட்டுப் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவன் கோழை இல்லையா?

எஸ்., தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

பாதி தூரம் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். பிரான்ஸில் காத்திருந்த அவருடைய மனைவியைப் பற்றி அந்தக் கட்டுரையில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் ஆச்சியைப் பற்றிப் படித்ததும் அது உறைத்தது.

ஆனால் கோழை என்ற சொல்லை ஏற்க மாட்டேன். முதலில், அவர் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைத் தாண்டி அட்லாண்டிக்கில் நுழைந்திருந்தார், அவ்வளவுதான். 1969 மார்ச்சில், கேப் டவுன் அருகே ஒரு கப்பலின் தளத்தில் விழும்படி கவணால் செய்தியை எறிந்தார். கடலில் மகிழ்ச்சியாக இருப்பதால் நிற்காமல் போகிறேன், ஒருவேளை என் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் என்பது செய்தி. பிறகு படகை விட்டது எங்கே? ஒருமுறை கடந்து வந்த அதே தென்கடலுக்குள், குளிர்காலம் நெருங்கும் வேளையில். ஜூனில் தஹித்தியில் போய்த்தான் இறங்கினார். கோழைகள் சுலபமான வழியைத் தேடுவார்கள்.

அந்தப் போட்டியில் கிளம்பியவர்கள் ஒன்பது பேர், முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான். வயதாக ஆக எனக்கு முவாத்தெசியே மீதிருந்த மோகம் குறைந்து, இன்னொரு போட்டியாளர் நைஜல் டெட்லி மீது மனம் போகிறது. அவரை யாரும் பேசுவதில்லை. மூன்று உடல்கள் இணைந்த ப்ளைவுட் படகு அவருடையது. தென்கடல் அதைக் குதறியிருந்தது. ஒட்டுப்போட்டு, தண்ணீரை இறைத்து இறைத்து அட்லாண்டிக்கில் ஏறி வந்தார். போகும்போது போட்ட தடத்தைத் திரும்பக் கடந்தும்விட்டார், அதாவது கணக்குப்படி உலகைச் சுற்றியாயிற்று. இனி மெதுவாக ஓட்டி வந்தால் போதும். வரவில்லை. முதலில் வந்தவருக்கான கோப்பை போய்விட்டது, அதிவேகமாக வந்தவருக்கான 5,000 பவுண்டு மிச்சமிருந்தது. மற்றொரு போட்டியாளர் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் பின்னால் விரைந்து வருகிறார் என்று வானொலியில் தகவல் வந்தது. டெட்லி பாயை விரித்து, நைந்த படகை விரட்டினார். மே 21 நள்ளிரவில், அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே புயலில், பக்க உடலின் முனை பிய்ந்து நடு உடலில் ஓட்டை விழுந்தது. படகு மூழ்கியது. மிதவையில் இருந்தவரை மீட்டார்கள். வீட்டுக்கு இன்னும் ஏறக்குறைய 1,100 கடல் மைல்.

க்ரோஹர்ஸ்ட் விரைந்து வரவே இல்லை. அவர் அட்லாண்டிக்கை விட்டே வெளியேறவில்லை. இருக்கும் இடம் ஒன்று, வானொலியில் சொன்ன இடம் வேறொன்று. டெட்லியின் படகு மூழ்கியதும் பரிசு இவர் தலையில் விழுந்தது. பரிசு என்றால் கப்பல் நாட்குறிப்பை ஒவ்வொரு வரியாகப் புரட்டிப் பார்ப்பார்கள். ஜூலை 10 அன்று அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. ஒருவரை வீடு இழுத்த இழுப்பில் படகு உடைந்தது. மற்றவருக்கு வீட்டுக்குப் போகவே முடியாமல் போனது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இருவரிடமும் கரையோடு பேசும் வானொலி வேலை செய்தது. முவாத்தெசியே அதை வேண்டாம் என்று மறுத்தவர். நாக்ஸ்-ஜான்ஸ்டனின் வானொலி பாதி வழியிலேயே செயலிழந்தது. நியூசிலாந்துக்குப் பிறகு நான்கு மாதங்களுக்கும் மேலாக அவர் குரல் கரைக்குப் போகவில்லை. அவர் வீட்டார் பட்ட பாடு உங்கள் ஆச்சிக்குப் புரியும். ஆனால், யார் எங்கே முந்துகிறார்கள் என்று கரை அவரைத் துரத்தவும் வழியில்லை.

அவர் படகு சுஹைலி நம் பம்பாயில் தேக்கில் கட்டியது. 32 அடி. சுஹைலி என்பது பாரசீக வளைகுடாவில் அடிக்கும் தென்கிழக்குக் காற்றின் பெயர். 1969 ஏப்ரல் தொடக்கத்தில் தூரத்தில் ஒரு பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் தெரிந்தது. கைவிளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு, மோர்ஸ் குறிகளால் தன் பெயரைச் சொன்னார். உயிரோடு இருக்கிறார் என்பது ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆங்கிலக் கால்வாயை நெருங்கும்போது கப்பல்காரர்களுக்கு வரும் நிலைகொள்ளாமைக்குச் ‘சேனல் காய்ச்சல்’ என்றே பெயர் உண்டு. ஆனால் தனியாளுக்கு அந்தக் காய்ச்சலை அனுபவிக்கக்கூட நேரம் கிடையாது. நடுக்கடலில் மோதுவதற்கு எதுவும் இல்லை, கட்டையாகத் தூங்கலாம். கரையருகே இரவும் பகலும் கப்பல்கள் குறுக்கே போகும், பாறை உண்டு, நீரோட்டம் உண்டு. கண்ணை மூட முடியாது.

ஏப்ரல் 22, கடலில் 312 நாட்கள் கழிந்து, இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குள் நுழைந்தார். சுங்க அதிகாரிகள் படகில் ஏறி, முறைப்படி கேட்டார்கள்: எங்கிருந்து வருகிறீர்கள்?

“ஃபால்மத்திலிருந்து.”

அந்த 5,000 பவுண்டும் கடைசியில் அவருக்கே வந்தது. க்ரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்குக் கொடுத்துவிட்டார்.

உங்கள் கடிதத்தில் ஆச்சி இருக்கிறார், தாத்தா இல்லை. தூத்துக்குடி முயல் தீவின் கலங்கரை விளக்கு கண்ணில் பட்டதும் அவர் என்ன செய்வார்? பாயைச் சுருக்கி வேகத்தைக் குறைப்பாரா, ஆட்களை அதட்டுவாரா, சவரம் செய்துகொள்வாரா? வீட்டில் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்.