கொள்ளாம் என்றால் எத்தனை மார்க்?

இந்த முறை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பற்றி வந்த கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். மாமியார், மருமகள், வேலி, வாய்க்கால் விவகாரமெல்லாம் அடுத்த இதழில்.

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் காப்பீட்டு அட்டையில், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தோம். கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை, அப்பா இப்போது சந்தைக்கே நடந்து போய் வருகிறார். ஆனால் அங்கே இருந்த ஐந்து நாளும் ஏதோ ஓசியில் சாப்பிட வந்தவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள். "இன்சூரன்ஸ் கேஸ்தானே, அந்தப் பக்கம் போய் நில்லுங்க." வீட்டுக்கு வந்த பிறகு போன் செய்து சேவை எப்படி என்று கேட்டார்கள், நான் "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு வீட்டில் எல்லோரும் என்னை ஏசுகிறார்கள். தப்பா?
— வாசகி, கருங்கல்

பதில்: தப்பில்லை தங்கச்சி. நன்றாயிருக்கிறது, பரவாயில்லை என்று இரண்டுக்கும் நம்ம குமரி மாவட்டத்தில் சொல்கிற அந்தச் சொல்லுக்கு இருக்கிற அகலம் அப்படி. கல்யாண வீட்டு அவியல் அமிர்தமாக இருந்தாலும் கொள்ளாம், உப்பு தூக்கலாக இருந்து பந்தியில் வைத்துச் சொல்ல முடியாமல் போனாலும் கொள்ளாம்தான். போனில் கேட்டவர் அதை 'திருப்தி' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டு அடுத்த நம்பருக்குப் போயிருப்பார்.

சேவைத் தரத்தை அளக்க 1988-ல் பரசுராமன், ஜெய்தாம்ல், பெர்ரி என்று மூன்று பேராசிரியர்கள் 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். இன்றைக்கும் ஆஸ்பத்திரி, வங்கி என்று பல இடங்களில் அதை வைத்துத்தான் அளக்கிறார்கள். இடம் எப்படி இருக்கிறது, சொன்னதைச் செய்தார்களா, கூப்பிட்டால் வந்தார்களா, நம்பிக்கை தந்தார்களா, நம்மை மனுஷராக மதித்தார்களா என்று ஐந்து வகையாகக் கேட்பார்கள். நீங்கள் எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் மதிப்பெண். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு கட்டாத இடத்தில் ஒரு கட்டில் கிடைத்தாலே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கு, கட்டிலும் கிடைத்து மேலே ஃபேனும் சுற்றிவிட்டால் நூற்றுக்கு நூறு போட்டுவிடுவாரே! எதிர்பார்ப்பே தரையில் கிடந்தால் அந்த அளவுகோல் என்ன செய்யும்?

போன வருஷம் என் அத்தைக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அத்தை முப்பது வருஷம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவள். காப்பீட்டு கவுண்டரில் கைரேகை மெஷினில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள், சிவப்பு விளக்கு. "கையை நல்லாத் துடைச்சிட்டு வைங்கம்மா" என்றான் அந்தப் பையன். முந்தானையில் துடைத்து வைத்தாள், மறுபடியும் சிவப்பு. துடைத்தால் வருகிற ரேகையா அது? அண்டித் தோட்டு எண்ணெய் எப்போதோ தின்றுவிட்டது. சரி, ஓடிபி என்றார்கள். ஆதாரில் கொடுத்திருந்த நம்பர் மகனுடையது, மகன் சவூதியில் டூட்டியில் இருக்கிறான், அவன் போனை எடுத்துப் பார்த்து எண்ணைச் சொல்வதற்குள் பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. காலையில் ஒன்பது மணிக்குப் போனவர்கள் நாங்கள். அவ்வளவு நேரமும் அத்தை அந்த விரலை இன்னொரு கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், களவு செய்து பிடிபட்டவள் மாதிரி.

சாயங்காலம் பார்க்க வந்தவர்கள் ஆஸ்பத்திரி எப்படி என்று கேட்டபோது அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "டாக்டர் தங்கமான ஆளு." கவுண்டரைப் பற்றி மூச்சுவிடவில்லை. நம் ஆட்கள் மதிப்பெண் போடுவது டாக்டருக்கு, அவமானப்படுவது கவுண்டரில். அதனால்தான் திருப்தியா என்ற கேள்விக்கு வருகிற பதிலை நான் அவ்வளவாக நம்புவதில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் வேறு கதை வரும்.

ஓசி என்ற பேச்சுக்கு ஒரு விஷயம். உங்கள் குடும்பத்துக்காக அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறது, உங்கள் அப்பாவின் சிகிச்சைக்கான தொகை அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும். இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று திட்டத்தில் வைத்திருக்கிற அந்தப் பேக்கேஜ் தொகை, ரொக்க நோயாளியிடம் வாங்குவதைவிடக் குறைவு, அதுவும் தாமதமாக வருகிறது என்பது ஆஸ்பத்திரிக்காரர்களின் நெடுநாள் குறை. இருக்கட்டும், அதை அரசோடு பேசிக்கொள்ள வேண்டியதுதானே, வரிசையில் நிற்கிற உங்கள் மேல் ஏன் காட்ட வேண்டும்? அடுத்த முறை போன் வந்தால் ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். அட்டையைக் கொடுத்ததிலிருந்து அனுமதி வர எத்தனை மணி நேரம் ஆயிற்று, வெளியே எதற்காவது காசு கொடுத்தீர்களா, வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகளை யாராவது விளக்கினார்களா, அந்த 'அந்தப் பக்கம் நில்லுங்க'வை யார் சொன்னது, இதையெல்லாம் அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: அட்டையில் சேர்த்துவிட்டு, "இந்த ஸ்டென்ட் சாதா, நல்லது வேணும்னா தனியா கட்டணும்" என்கிறார்கள். கட்டலாமா?
— வாசகர், தக்கலை

பதில்: அண்ணாச்சி, கட்டும் முன் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றிவிடுவார்கள். திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு ஸ்டென்ட், மருந்து, படுக்கை எல்லாம் பேக்கேஜுக்குள் அடக்கம், உங்களிடம் தனியாக ரொக்கம் கேட்கக்கூடாது. ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலேயே மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்துவிட்டது. அதற்கு முன்னால் லட்ச ரூபாய் தாண்டி விற்ற சாமான் அது, அந்தக் காலத்துப் பேச்சு மட்டும் இன்னும் சிலர் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடியும் கேட்டால், அவர்கள் முன்னாலேயே நின்று 1800 425 3993-க்குப் போன் போடுங்கள். மாநிலத் திட்டத்தின் இலவச எண் அது. மத்திய அரசின் எண் 14555.

கேள்வி: குளச்சலில் இருக்கிறோம், எங்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம். அட்டை அங்கே செல்லுமா?
— மீனவர் குடும்பத்து வாசகி

பதில்: குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வரை நமக்குத் தலைநகரே அதுதானே, கால் தானாக அந்தப் பக்கம் போவதில் ஆச்சரியமில்லை. அட்டை ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கூட்டம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்கள், அந்தத் திட்டத்தில் சேர்ந்த வெளிமாநில ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சை பெறலாம். மாநில அரசு தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட குடும்பங்கள் அப்படி நம்பிப் போகக்கூடாது. நீங்கள் எந்தக் கூட்டம் என்று பஸ் ஏறும் முன் மேலே சொன்ன எண்களில் கேட்டுவிடுங்கள், அங்கே போய் இறங்கிய பிறகு கேட்டால் ஆட்டோக்காரருக்குத்தான் லாபம்.

கேள்வி: அட்டை இருக்கும்போது அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா? எது தரம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: சார், ஆஸ்பத்திரியை எடை போடுவதில் நம் மாவட்டத்துக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. 1838-லேயே நெய்யூரில் மருத்துவ மிஷன் வந்துவிட்டது, எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல் பிற்பாடு அங்கே வந்து ஆபரேஷன் கத்தியைப் பிடித்தார். தலைமுறை தலைமுறையாக ஒப்பிட்டுப் பார்த்தே பழகிப்போனவர்கள் நாம். நான் பார்த்தவரைக்கும் சொல்கிறேன். பெயிண்டும் ஏசியும் சிரித்த முகமும் தனியாரில் முன்னால் நிற்கும், கழிப்பறையும் பெரும்பாலும் அங்கேதான் சுத்தம். ஆனால் சிக்கலான கேஸில் ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் இருப்பாரா என்று கேட்டால், ஒருகாலத்தில் காசநோய் ஆஸ்பத்திரியாக இருந்து இன்று அரசு மெடிக்கல் காலேஜாக நிற்கிற ஆசாரிபள்ளத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். அரசு ஆஸ்பத்திரியிலும் அட்டையைக் காட்டுங்கள். இங்கே எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று பலர் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். காட்டினால் காப்பீட்டுத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்கே வரும்.

கேள்வி: ரப்பர் பால் வெட்டுகிறேன். எனக்கு அட்டை கிடைக்குமா?
— வாசகர், குலசேகரம்

பதில்: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். 2022-க்கு முன் 72,000 ஆக இருந்த வரம்பு இது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதாருடன் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. பால் வெட்டுகிற கை என்பதால் ரேகை விழாமல் போகலாம், ஆதாரில் உங்கள் போன் நம்பரையே கொடுத்து வையுங்கள், மகன் நம்பர் வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் அட்டை உண்டா?
— வாசகி, அருமனை

பதில்: அம்மா பேரில் உண்டு. அரிசி டின்னுக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்கிறாள். எந்த டின் என்பதுதான் இப்போது பிரச்சினை.